புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் வைரஸ் டி.என்.ஏ.: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூக்குத்தொண்டை, வாய்த்தொண்டை, கருப்பை வாய், கல்லீரல் ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்தவர்களுக்கும் சிலவகை லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) நோயாளிகளுக்கும், ரத்தத்தில் வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை இப்போது பல இடங்களில் எழுதிக் கொடுக்கப்படுகிறது. அறிக்கை கைக்கு வந்ததும் நோயாளிகளும் வீட்டாரும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதைத் தொடர்ந்து கேட்டுவந்ததால், அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அவரிடம் பேசும்போது அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பது உங்களுக்கும் புரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புற்றுநோய்க்கும் வைரஸுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாப் புற்றுநோயும் வைரஸால்தான் வருகிறதா?

இல்லை. பெரும்பாலான புற்றுநோய்களுக்கு வைரஸ் காரணமில்லை. ஆனால் சில புற்றுநோய்களில் வைரஸின் பங்கு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. 1964-இல் ஆன்டனி எப்ஸ்டீன், பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகிய மூவரும் ஆப்பிரிக்கக் குழந்தைகளைத் தாக்கிய பர்க்கிட் லிம்போமாவின் செல்களில் ஒரு வைரஸை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். அதுவே எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக இ.பி.வி. மூக்கின் பின்புறத்தில் தோன்றும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயிலும், சிலருடைய ஹாட்ஜ்கின் லிம்போமாவிலும், என்.கே./டி செல் லிம்போமாவிலும் இதே வைரஸ் பின்னர் கண்டறியப்பட்டது.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும், டான்சில் மற்றும் அடிநாக்கில் வரும் வாய்த்தொண்டைப் புற்றுநோய்களில் ஒரு பெரும் பகுதிக்கும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., காரணம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் எச்.பி.வி. 16-ஐ 1983-இல் கண்டறிந்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கல்லீரல் புற்றுநோயில் ஹெப்படைட்டிஸ்-பி, ஹெப்படைட்டிஸ்-சி ஆகிய இரண்டுக்கும் பங்குண்டு. இவற்றில் ஹெப்படைட்டிஸ்-சி ஆர்.என்.ஏ. வைரஸ் என்பதால் அதற்கு டி.என்.ஏ. பரிசோதனை கிடையாது, அதன் ஆர்.என்.ஏ.வைத்தான் அளப்பார்கள். மெர்க்கெல் செல் புற்றுநோய், கபோசி சார்கோமா போன்ற அரிய நோய்களுக்கும் தனித்தனி வைரஸ்கள் உண்டு.

கட்டி தொண்டையில் இருக்கிறது. வைரஸின் டி.என்.ஏ. ரத்தத்துக்கு எப்படி வந்தது?

உடலில் செல்கள் ஓயாமல் மடிந்துகொண்டே இருக்கின்றன. மடியும் செல்லின் டி.என்.ஏ. நொதிகளால் சிறுசிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, அதில் ஒரு பகுதி ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் இப்படிச் செல்லுக்கு வெளியே மிதக்கும் டி.என்.ஏ. உண்டு என்பது 1948-லேயே தெரிந்துவிட்டது. கட்டியின் செல்களும் மடிகின்றன. வேகமாக வளரும் கட்டியில் மடியும் செல்களும் அதிகம். வைரஸால் உண்டான கட்டி என்றால் அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் வைரஸின் மரபணுக்கள் இருக்கும். ஆகவே அந்தச் செல் சிதையும்போது மனித டி.என்.ஏ. துண்டுகளோடு வைரஸ் டி.என்.ஏ. துண்டுகளும் வெளியே வருகின்றன.

இந்தப் பரிசோதனையின் பலமே இதில்தான் இருக்கிறது. கட்டியிலிருந்து வந்த மனித டி.என்.ஏ.வை நல்ல செல்லிலிருந்து வந்ததிலிருந்து பிரித்தறிய, டி.என்.ஏ. வரிசையின் வேதி 'எழுத்துகளில்' ஓரிரு மாற்றங்களைத் தேடித் துழாவ வேண்டும். வைரஸின் டி.என்.ஏ. மனித டி.என்.ஏ.வில் இல்லாத வரிசையைக் கொண்டது என்பதால், மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் அது தனியாகத் தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் என் ரத்தத்தில் உயிருள்ள வைரஸ் ஓடுகிறதா? வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றுமா?

மூக்குத்தொண்டைப் புற்றுநோயாளியின் பிளாஸ்மாவில் (ரத்தத்திலிருந்து செல்களை நீக்கினால் எஞ்சும் திரவத்தில்) காணப்படும் இ.பி.வி. டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, அதில் பெரும்பகுதி 181 எழுத்து இணைகளுக்கும் குறைவான நீளமுள்ள வெறும் துண்டுகள் என்று தெரிந்தது. இ.பி.வி.யின் முழு மரபணுத்தொகுதி ஏறக்குறைய 1,72,000 எழுத்து இணைகள் கொண்டது. இவ்வளவு சிறிய துண்டால் யாருக்கும் தொற்றை உண்டாக்க முடியாது. வாய்த்தொண்டைக் கட்டியிலிருந்து வரும் எச்.பி.வி. துண்டுகளுக்கும் இதே பதில் பொருந்தும். ஒரே தட்டில் உண்பதற்கோ குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கோ இந்த அறிக்கையைக் காரணம் காட்டி யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஹெப்படைட்டிஸ்-பி மட்டும் இதற்கு விலக்கு. அந்த வைரஸ் முழு உருவத்தோடு ரத்தத்தில் சுற்றுகிறது. சிலரிடம் ஒரு மில்லிலிட்டரில் நூறு கோடிக்கு மேலும் இருக்கும். அது ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் தொற்றக்கூடியது. எனவே வீட்டாருக்குப் பரிசோதனையும், தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசியும் அவசியம்.

எனக்கு 'வைரஸ் டி.என்.ஏ. உள்ளது' என்று வந்திருக்கிறது. புற்றுநோய்தானா?

அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். எந்த வைரஸ், ரத்தத்தின் எந்தப் பகுதியில், எந்தக் கட்டத்தில் என்ற மூன்றும் தெரியாமல் 'உள்ளது' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

இ.பி.வி.யை எடுத்துக்கொள்வோம். உலகில் வயதுவந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு காலத்தில் அதன் தொற்றுக்கு ஆளானவர்கள். தொற்று வந்துபோன பிறகும் வைரஸ் பி செல்கள் என்னும் வெள்ளணுக்களுக்குள் வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடக்கிறது. நலமாக உள்ளவரிடம் பத்து லட்சம் பி செல்களில் 1 முதல் 50 வரையிலானவற்றில் அது இருக்கலாம். எனவே வெள்ளணுக்களையும் சேர்த்துப் பரிசோதித்தால் நோயே இல்லாதவரிடமும் அது தென்படும். செல்களை நீக்கிய பிளாஸ்மாவில் தென்பட்டால்தான் கூடுதல் கவனம் தேவை. அப்போதும் அது புற்றுநோயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அண்மையில் வந்த தொற்று, எதிர்ப்புச் சக்தி குறைந்திருத்தல், உறங்கிய வைரஸ் தற்காலிகமாக விழித்தெழுதல் ஆகியவற்றாலும் வரும்.

எச்.பி.வி.யின் நிலை வேறு. அது தோலிலும் சளிச்சவ்விலும் மட்டுமே வாழ்வது. சாதாரணத் தொற்றில் அது ரத்தத்துக்குள் பரவுவதில்லை. கருப்பை வாயில் எச்.பி.வி. தொற்று மட்டும் உள்ள பெண்ணின் பிளாஸ்மாவில் அது பொதுவாகத் தென்படாது. ஆகவே புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வகையின் டி.என்.ஏ. பிளாஸ்மாவில் தெளிவாகத் தென்பட்டால் அதைக் கட்டியோடு தொடர்புபடுத்தியே பார்க்க வேண்டும். ஹெப்படைட்டிஸ்-பியில் நிலைமை நேர் எதிரானது: ரத்தத்தில் டி.என்.ஏ. இருப்பது தொற்று தீவிரமாக இருப்பதைக் காட்டுகிறதே தவிர, கட்டி இருக்கிறதா என்பதைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்வதில்லை. ஒரே சொல் மூன்று அறிக்கைகளில் மூன்று விதமாகப் பொருள்படுகிறது.

இ.பி.வி. ஆன்டிபாடி பரிசோதனை ஏற்கெனவே செய்தாயிற்றே. அதுவும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஆன்டிபாடி என்பது வைரஸுக்கு எதிராக உங்கள் உடல் உண்டாக்கிய புரதம். அது உடலின் நினைவு; தொற்று போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும் இருக்கும். டி.என்.ஏ. பரிசோதனை வைரஸின் மரபணுப் பொருள் இப்போது ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. ரத்தத்தில் கலக்கும் டி.என்.ஏ. விரைவில் அழிந்துவிடுவதால், அது அன்றைய நிலையைக் காட்டுகிறது.

ஆய்வகத்தில் அந்த ரத்தத்தை என்னதான் செய்கிறார்கள்?

முதல் வேலை ரத்தத்தைப் பிரிப்பது. பொதுவாக ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. கலந்த குழாயில் ரத்தம் எடுக்கப்படுகிறது. ஹெப்பரின் கலந்த குழாயில் எடுத்தால், அந்த ஹெப்பரின், டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். என்னும் பிந்தைய வினையைத் தடுத்துவிடும். குழாயைச் சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றியதும் சிவப்பணுக்கள் அடியில் படிகின்றன. அவற்றின் மேல் வெள்ளணுக்கள் வெண்மையான மெல்லிய படலமாக நிற்கின்றன. அதற்கும் மேலே வெளிர்மஞ்சள் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கிறது. அந்தப் படலத்தைத் தொடாமல் மேலுள்ள பிளாஸ்மாவை மட்டும் உறிஞ்சியெடுத்து, எஞ்சிய செல்களும் போவதற்காகப் பல ஆய்வகங்களில் மீண்டும் ஒருமுறை வேகமாகச் சுழற்றுகிறார்கள். ரத்தம் எடுத்துச் சில மணி நேரத்துக்குள் இதைச் செய்துவிட வேண்டும்; தாமதமானால் வெள்ளணுக்கள் குழாயிலேயே சிதைந்து, அவற்றின் டி.என்.ஏ. பிளாஸ்மாவில் கலந்துவிடும். தொலைவிலிருந்து மாதிரி அனுப்ப வேண்டியிருந்தால் செல்கள் சிதையாமல் காக்கும் தனிவகைக் குழாய்கள் உண்டு.

அடுத்து, பிளாஸ்மாவிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, வைரஸுக்கே உரிய ஒரு பகுதியைப் பி.சி.ஆர். மூலம் பெருக்குகிறார்கள். எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது முக்கியம். இ.பி.வி.யில் பாம்-எச்.ஐ.-டபிள்யூ என்னும் பகுதி ஒரே மரபணுத்தொகுதியில் ஏறக்குறைய 10 முறை திரும்பத் திரும்ப வருகிறது. அதைத் தேடினால் குறைந்த அளவும் அகப்படும். எச்.பி.வி.யில் ஈ6, ஈ7 மரபணுக்களைத் தேடுவது வழக்கம். வைரஸ் மனிதக் குரோமோசோமுக்குள் நுழையும்போது அதன் மற்றப் பகுதிகள் அறுந்து தொலைந்துபோகலாம். செல்லைப் புற்றுநோய்ச் செல்லாக வைத்திருக்கும் இந்த இரண்டும் மட்டும் நிலைத்திருக்கும். துளி வகை டிஜிட்டல் பி.சி.ஆர். முறையில் மாதிரி ஏறக்குறைய 20,000 நுண்துளிகளாகப் பிரிக்கப்பட்டு, எத்தனை துளிகள் ஒளிர்கின்றன என்பதைக் கொண்டு வைரஸ் துண்டுகளை நேராக எண்ணிவிட முடிகிறது.

அறிக்கையில் 'பிரதிகள்' என்றும் 'சர்வதேச அலகு' என்றும் போட்டிருக்கிறதே, இரண்டும் ஒன்றா?

இரண்டும் ஒன்றல்ல. பிரதிகள் என்பது அந்தந்த ஆய்வகம் தன் அளவுகோலைக் கொண்டு கணக்கிட்டது. ஒரே மாதிரியை இரண்டு ஆய்வகங்கள் அளந்து இருவேறு எண்களைச் சொல்லும் குழப்பத்தைக் குறைப்பதற்காகவே உலகச் சுகாதார நிறுவனம் பொதுத் தர மாதிரிகளை நிறுவியது, இ.பி.வி.க்கான தர மாதிரி 2011-இல் ஏற்கப்பட்டது. அதோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவே சர்வதேச அலகு. ஹெப்படைட்டிஸ்-பியில் 1 சர்வதேச அலகு என்பது பரிசோதனை முறையைப் பொறுத்து 5 முதல் 6 பிரதிகளுக்குச் சமம். எனவே அலகைப் பார்க்காமல் பழைய அறிக்கையின் எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடக் கூடாது.

எண்ணே இல்லாத அறிக்கைகளும் உண்டு. 'கண்டறியப்படவில்லை' என்றால் அந்த மாதிரியில் எதுவும் தென்படவில்லை என்று பொருள். 'கண்டறியப்பட்டது, ஆனால் அளவிடும் எல்லைக்குக் கீழே' என்றால் வைரஸ் டி.என்.ஏ. இருக்கிறது, நம்பகமான எண்ணைச் சொல்லும் அளவுக்கு இல்லை என்று பொருள். இந்த இரண்டாவது வாக்கியத்தை 'இல்லை' என்று படித்துவிட்டு நிம்மதியடைபவர்களும் இருக்கிறார்கள், நோய் திரும்பிவிட்டது என்று கலங்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். மீண்டும் பார்க்க வேண்டிய முடிவு அது.

போன மாதம் 900 இருந்தது, இந்த மாதம் 1,500 ஆகிவிட்டது. நோய் கூடுகிறதா?

இந்த ஒரு மாற்றத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இந்தப் பரிசோதனையில் எண்கள் பத்து, நூறு, ஆயிரம் என்ற மடங்குகளில்தான் பொருள் தருகின்றன. ஒரே மாதிரியை இரண்டு முறை ஓட்டினாலும் முடிவு சற்று மாறும்; ஏறக்குறைய மூன்று மடங்குக்குக் குறைவான ஏற்ற இறக்கத்தைப் பொதுவாக உண்மையான மாற்றமாக ஆய்வகங்கள் எடுத்துக்கொள்வதில்லை. 900-லிருந்து 1,500 என்பது அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. 900, பிறகு 4,000, பிறகு 20,000 என்று தொடர்ந்து ஏறினால் அது வேறு செய்தி. ஆகவே ஒற்றை எண்ணைக் காட்டிலும் வரிசையாக வந்த எண்களின் போக்கைப் பாருங்கள். அதற்காகவே முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கதிர்வீச்சு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. அளவு குறையாமல் ஏறியிருக்கிறதே, சிகிச்சை வேலை செய்யவில்லையா?

பெரும்பாலும் இதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. சிகிச்சையின் தொடக்கத்தில் கட்டியின் செல்கள் கூட்டமாக மடிவதால் அவற்றின் டி.என்.ஏ. ஒரேயடியாக ரத்தத்தில் கலக்கிறது. ஹாங்காங்கில் மூக்குத்தொண்டைப் புற்றுநோயாளிகளைக் கதிர்வீச்சின் போது தொடர்ந்து பரிசோதித்தவர்கள், முதல் வாரத்தில் இ.பி.வி. டி.என்.ஏ. உயர்ந்து, பிறகு 3.8 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகும் வேகத்தில் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இந்த வேகம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கட்டியை அகற்றிய பிறகு 139 நிமிடங்களில் அளவு பாதியானது. அடுத்த 139 நிமிடங்களில் அதிலும் பாதியானது. ஊற்று அடைபட்டால் ரத்தம் இவ்வளவு விரைவில் தெளிந்துவிடுகிறது. எனவேதான் சிகிச்சை முடிந்து பல வாரங்கள் கழிந்தும் வைரஸ் டி.என்.ஏ. தென்பட்டால், அது பழைய மிச்சம் என்று ஒதுக்கிவிட முடிவதில்லை.

சிகிச்சை முடிந்தது. 'இல்லை' என்று வந்துவிட்டது. குணமாகிவிட்டது என்று சொல்லலாமா?

நல்ல அறிகுறி என்று உறுதியாகச் சொல்லலாம். மூக்குத்தொண்டைப் புற்றுநோயில் சிகிச்சை முடிந்து 6 முதல் 8 வாரங்களில் எடுத்த பிளாஸ்மாவில் இ.பி.வி. டி.என்.ஏ. இல்லாதவர்களின் எதிர்காலம், இருப்பவர்களுடையதைவிட மிகவும் நன்றாக இருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது.

ஆனால் 'இல்லை' என்ற முடிவு கட்டி முழுவதும் அழிந்துவிட்டதற்குச் சான்றாகாது. மிகச் சிறிய கட்டி ரத்தத்தில் கலக்கும் டி.என்.ஏ. பரிசோதனையின் பிடிக்கு எட்டாத அளவில் இருக்கலாம். அதிலும் நோய் எங்கே திரும்புகிறது என்பதைப் பொறுத்து வேறுபாடு உண்டு: எலும்பு, கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றுக்குப் பரவிய நோயை இந்தப் பரிசோதனை நன்றாகக் காட்டிக்கொடுக்கும், கதிர்வீச்சு பட்ட அதே இடத்தில் சிறிதாகத் தலைதூக்கும் நோயைச் சில சமயம் தவறவிட்டுவிடும். அதனால்தான் எண்டோஸ்கோப்பியையும் ஸ்கேனையும் மருத்துவர்கள் கைவிடுவதில்லை. 'ரத்தம் சுத்தம்' என்று நம்பித் தொடர் சோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

ரத்தத்திலேயே தெரிகிறதென்றால் பயாப்ஸி எதற்கு? ஊசி குத்தித் தசையை எடுக்காமல் விட முடியாதா?

முடியாது. என்ன வகைக் கட்டி, எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையால் சொல்ல முடியாது. இ.பி.வி. டி.என்.ஏ. தென்பட்ட ஒருவருக்கு மூக்குத்தொண்டைப் புற்றுநோய் இருக்கலாம், லிம்போமா இருக்கலாம், மேலே சொன்னபடி புற்றுநோயே இல்லாமலும் இருக்கலாம். இவற்றின் சிகிச்சைகள் முற்றிலும் வேறானவை. கட்டியின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே சிகிச்சை தொடங்கப்படுகிறது.

என் பயாப்ஸியில் 'பி16 பாசிட்டிவ்' என்றார்கள். ரத்தத்தில் எச்.பி.வி. இல்லை என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். பி16 என்பது மனிதச் செல்லின் புரதம். எச்.பி.வி.யின் ஈ7 செல்லுக்குள் வேலை செய்யும்போது பி16 பெருகுவதால், அதை எச்.பி.வி.யின் நிழலாக வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் வைரஸே இல்லாமலும் சில கட்டிகளில் பி16 பெருகும். அப்படிப்பட்ட கட்டியிலிருந்து ரத்தத்துக்கு எச்.பி.வி. டி.என்.ஏ. வர வழியில்லை.

வேறு காரணங்களும் உண்டு. எச்.பி.வி. சார்ந்த வாய்த்தொண்டைப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை 16-ஆம் வகையால் வருபவை. ஆனால் 18, 33, 35 போன்ற வகைகளாலும் சில வருகின்றன. 16-ஐ மட்டும் தேடும் பரிசோதனை மற்ற வகைகளைக் காணாது. கட்டி சிறியதாக இருந்து டி.என்.ஏ. குறைவாகக் கசிவதும் உண்டு. சிகிச்சை தொடங்கும் முன்பே ரத்தத்தில் தென்படாதவருக்கு, சிகிச்சைக்குப் பின் 'இல்லை' என்று வருவதால் எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை. ஆகவே சிகிச்சைக்கு முன் ஒருமுறை ரத்தம் எடுத்து வைப்பது பிற்பாடு வரும் எல்லா முடிவுகளுக்கும் அடிப்படையாகிறது. இதைத் தவறவிட்டவர்களுக்குப் பிறகு ஈடுசெய்ய வழியில்லை.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் ரத்தத்தில் மறுபடியும் வைரஸ் டி.என்.ஏ. வந்திருக்கிறது. இப்போது என்ன செய்வது?

மனத்தளவில் மிகவும் கடினமான நிலை இது. அமெரிக்காவில் எச்.பி.வி. சார்ந்த வாய்த்தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 115 பேரைத் தொடர்ந்து பரிசோதித்து 2020-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். எல்லாச் சோதனைகளிலும் 'இல்லை' என்று வந்த 87 பேரில் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. எஞ்சிய 28 பேருக்கு ஒருமுறையாவது 'உள்ளது' என்று வந்தது. அவர்களில் அடுத்தடுத்து இரண்டு முறை அப்படி வந்த 16 பேரில் 15 பேருக்கு நோய் திரும்பியது திசுப் பரிசோதனையில் உறுதியானது. ஒருமுறை மட்டும் வந்து மறைந்ததற்கும், இரண்டாம் முறையும் வந்ததற்கும் இவ்வளவு வேறுபாடு. எனவே முதல் படி, சில வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதிப்பது. மீண்டும் வந்தால் பெட்-சி.டி. போன்ற நுட்பமான ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் செய்து இடத்தைத் தேடுவார்கள்.

இடம் தெரியாதபோதே கீமோதெரபி கொடுத்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஹாங்காங்கில் அதையே சோதித்துப் பார்த்தார்கள். சிகிச்சை முடிந்த 789 மூக்குத்தொண்டைப் புற்றுநோயாளிகளைப் பரிசோதித்ததில் 216 பேரிடம் இ.பி.வி. டி.என்.ஏ. எஞ்சியிருந்தது. அவர்களில் 104 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின் மருந்துகளைக் கூடுதலாகக் கொடுத்தார்கள்; மற்றவர்களைக் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். நோய் திரும்பாமல் இருந்த காலத்தில் இரு பிரிவுக்கும் பயனுள்ள வேறுபாடு தென்படவில்லை. 2018-இல் வெளியான இந்த முடிவு ஏமாற்றமளிப்பதுதான். ஆனாலும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று காட்டும் பரிசோதனை, அந்த ஆபத்தைத் தீர்க்கும் மருந்தையும் கையில் தந்துவிடுவதில்லை என்பதை அது நேர்மையாகக் காட்டியது. ஆகவே உங்கள் மருத்துவர் 'பொறுத்திருந்து பார்ப்போம்' என்றால் அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

எனக்குக் கல்லீரல் புற்றுநோய். மாத்திரையில் ஹெப்படைட்டிஸ்-பி டி.என்.ஏ. 'இல்லை' என்றாகிவிட்டது. கட்டியும் கரைந்திருக்குமா?

கரைந்திருக்கும் என்று கொள்ள முடியாது. மேலே சொன்னபடி இந்த டி.என்.ஏ. முழு வைரஸிலிருந்து வருவது. அது கல்லீரலில் வைரஸ் எவ்வளவு பெருகுகிறது என்பதை அளக்கிறது. என்டெகாவிர், டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத் தடுப்பதால் அளவு குறைகிறது. கட்டியின் நிலையை ஸ்கேனும், ஏ.எஃப்.பி. என்னும் ரத்தப் புரதத்தை அளப்பது போன்ற பிற சோதனைகளும்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் அளவு குறைவது நல்லது: தைவானில் 3,653 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில், மில்லிலிட்டருக்கு 300 பிரதிகளுக்கும் குறைவாக இருந்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும், 10 லட்சமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும் பிற்காலத்தில் கல்லீரல் புற்றுநோய் வந்தது.

எனக்கு வந்திருப்பது லிம்போமா. கல்லீரலுக்கு ஒன்றுமில்லை. எனக்கு ஏன் ஹெப்படைட்டிஸ்-பி பார்க்கிறார்கள்?

உங்களைக் காப்பதற்காக. பழைய தொற்றில் எஞ்சிய வைரஸ் கல்லீரலில் உறங்கிக் கிடக்கலாம். கீமோதெரபி, குறிப்பாக ரிடுக்ஸிமாப் போன்ற மருந்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்போது அது விழித்தெழுந்து உயிருக்கே ஆபத்தான கல்லீரல் அழற்சியை உண்டாக்கக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் தடுப்பு மாத்திரை கொடுக்கலாம். ரிடுக்ஸிமாப் பெற்றவர்கள் அதைச் சிகிச்சை முடிந்த பிறகும் குறைந்தது 12 மாதங்கள் தொடர வேண்டும். புற்றுநோய் குணமாகிவிட்டது என்று மாத்திரையை இடையில் நிறுத்துவது பெரும் தவறு.

மாத்திரையால் ஹெப்படைட்டிஸ்-பி குறைகிறதே, அதேபோல் மருந்து கொடுத்து இ.பி.வி.யையும் எச்.பி.வி.யையும் அழித்துவிட்டால் புற்றுநோய் போய்விடாதா?

நியாயமான கேள்வி. வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் பெரும்பாலும் வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் வேலையைத் தடுப்பவை. புற்றுநோய்ச் செல்லுக்குள் இ.பி.வி. பெரும்பாலும் பெருகுவதில்லை, ஒருசில மரபணுக்களை மட்டும் இயக்கிக்கொண்டு மறைந்திருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது மனிதச் செல்லின் நொதிகளே வைரஸின் மரபணுத்தொகுதியையும் படியெடுத்துவிடுகின்றன. அசிக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து தாக்கும் வைரஸ் நொதிக்கு அங்கே வேலையே இல்லாததால் மருந்துக்கும் வேலையில்லை. எச்.பி.வி.யோ பல கட்டிகளில் மனிதக் குரோமோசோமின் பகுதியாகவே ஆகிவிட்டிருக்கிறது. ரத்தத்தில் தெரியும் டி.என்.ஏ. கட்டியின் சிதைவு மட்டுமே என்பதால், அதைக் குறைக்கக் கட்டியை அழிப்பதுதான் வழி.

எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அதனால் 'உள்ளது' என்று வந்துவிடுமா?

வராது. அந்தத் தடுப்பூசியில் இருப்பது வைரஸின் வெளிப்புறப் புரதம். பரிசோதனை தேடும் ஈ6, ஈ7 மரபணுக்கள் அதில் இல்லை.

நோய் எதுவும் இல்லாதவர்களும் ஆண்டுதோறும் இதைச் செய்துகொள்ளலாமா?

இதற்கு மிகத் தெளிவான சான்று ஹாங்காங்கிலிருந்து வந்திருக்கிறது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் அதிகமுள்ள அந்நகரில், அறிகுறி இல்லாத 40 முதல் 62 வயது வரையிலான 20,174 ஆண்களுக்கு, டென்னிஸ் லோ என்னும் ஆய்வாளரின் குழுவினர் பிளாஸ்மாவில் இ.பி.வி. டி.என்.ஏ. பரிசோதித்தனர். முதல் சோதனையில் 1,112 பேருக்கு 'உள்ளது' என்று வந்தது. ஏறக்குறைய நான்கு வாரங்கள் கழித்து மீண்டும் பார்த்தபோது 309 பேருக்கு மட்டுமே அது நீடித்தது. அவர்களில் எண்டோஸ்கோப்பியும் எம்.ஆர்.ஐ.யும் செய்துகொண்ட 300 பேரில் 34 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அவற்றில் 71 சதவீதம் முதல் இரண்டு கட்டங்களில் இருந்தன. வழக்கமாக அறிகுறி வந்தபின் கண்டறியப்படும்போது அந்தக் கட்டங்களில் இருப்பவை 20 சதவீதம்தான். 2017-இல் வெளியான இந்த ஆய்வு உயிர்களைக் காக்கும் வாய்ப்பைக் காட்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அதே பரிசோதனையை நோய் அரிதான இடத்தில் செய்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அந்த ஆய்வில், நோய் இல்லாதவர்களில் 98.6 சதவீதத்தினரைப் பரிசோதனை சரியாக விலக்கியது. ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கே இந்தப் புற்றுநோய் இருக்கும் இடத்தில், அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய 1,400 பேரை வீண் அச்சத்துக்கும் எண்டோஸ்கோப்பிக்கும் உள்ளாக்க வேண்டிவரும். எனவே நோய் மிகுந்த வட்டாரத்தில் பிறந்தவர்கள், குடும்பத்தில் அந்நோய் வந்தவர்கள் ஆகியோருக்கு இதன் பயன் அதிகம். மற்றவர்கள் தாமாகவே செய்துகொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கழுத்தில் ஆறாத வீக்கம், ஒரு பக்கக் காதடைப்பு, சளியில் ரத்தம் ஆகியவை தொடர்ந்து இருப்பவர்கள் ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நேரே போக வேண்டும்.

ஒரே நாளில் எடுத்த ரத்தம். ஓர் ஆய்வகம் 'உள்ளது' என்கிறது, இன்னொன்று 'இல்லை' என்கிறது. யாரோ ஒருவர் தவறு செய்திருக்கிறார்கள்தானே?

தவறு நடந்திருக்கலாம், ஆனால் யாரும் தவறே செய்யாமலும் இப்படி நடக்கும். ஒன்று முழு ரத்தத்திலும் மற்றொன்று பிளாஸ்மாவிலும் பார்த்திருக்கலாம். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் வரும் லிம்போமாவைக் கண்காணிக்க முழு ரத்தத்தைப் பயன்படுத்தும் இடங்கள் பல உண்டு. மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்குப் பிளாஸ்மாதான் ஏற்றது. ஒன்று 10 முறை திரும்ப வரும் பகுதியையும், மற்றொன்று ஒரே முறை வரும் பகுதியையும் தேடியிருக்கலாம்.

இவை எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும், அளவு மிகக் குறையும்போது தற்செயல் தலையிடுகிறது. ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் சராசரியாக ஒரே ஒரு துண்டு இருக்கிறது என்று வையுங்கள். அப்படிப்பட்ட ஒரு மில்லிலிட்டரை அள்ளும்போது அதில் ஒரு துண்டும் இல்லாமல் போவதற்கான வாய்ப்பு 37 சதவீதம். இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் குழாய்க்குள் வராததை அதனால் காண முடியாது. இப்படி முரண்பட்ட அறிக்கைகள் வந்தால், மூன்றாவது ஆய்வகத்தைத் தேடி அலைய வேண்டாம். இரண்டு அறிக்கைகளையும் மருத்துவரிடம் காட்டி, எந்த மாதிரி, எந்த மரபணுப் பகுதி, எவ்வளவு பிளாஸ்மா என்ற விவரங்களை ஆய்வகங்களிடமிருந்து கேட்டுப் பெறுங்கள். பிறகு முந்தைய முடிவுகள் வந்த அதே ஆய்வகத்தில், சற்றுக் கூடுதல் பிளாஸ்மா எடுத்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.